உட்காரச் சொல்லிக் கொடுத்தவர்

எங்கள் வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கிறது. பூவரச மரத்தில் செய்தது. நடுவில் குழி விழுந்துவிட்டது. ஒரு கால் தேய்ந்து குட்டையாகிவிட்டதால் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். உடைத்து அடுப்புக்கு வைக்கலாம் என்று மகன் எடுத்துக்கொண்டு போவான். நான் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுவேன். அதில் நான் உட்காருவதில்லை. எனக்குத் தரைதான் தோது. ஆனால் அது கண்ணில் படும்போதெல்லாம் டீச்சரம்மாவின் குரல் காதில் விழும். "எந்திரிக்காதீங்கக்கா. யாரு வந்தாலும் எந்திரிக்காதீங்க."

அவர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸிலிருந்து வரும் ஊர்நல அலுவலர். அந்தப் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை, டீச்சரம்மா ஆக்கிவிட்டோம். சர்க்கார் உதவித்தொகை வாங்கும் பெண்களைச் சேர்த்துத் தையல் கற்றுக்கொடுப்பதும், கற்றுக்கொண்டவர்கள் பாதியில் விட்டு ஓடாமல் பார்த்துக்கொள்வதும் அவருக்கு வேலை. என்னைவிடச் சின்னவர். கும்பகோணத்துப் பக்கம். கட்டம் போட்ட கைத்தறிப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து வருவார்.

நான் எப்படி அந்த உதவித்தொகைக்கு வந்தேன் என்று சொல்லவேண்டும். கூலியை உயர்த்திக் கேட்டு எங்கள் தெரு ஆட்கள் அறுப்புக்குப் போகாமல் நின்ற வருஷம் அது. மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். எங்கள் ஆண்கள் வரப்பில் போய் மறித்தார்கள். அந்த அடிதடியில் என் வீட்டுக்காரர் விழுந்தார். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சு வராமலே கிடந்து போய்ச் சேர்ந்தார். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து துக்கம் விசாரித்தார்கள். ஆளுக்கொரு நிறத்தில் துண்டு. யாரோ ஒருவர் எனக்கு விதவை உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தார். கேஸ் என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. தபால்காரர் கொண்டுவரும் அந்தப் பணத்தில் அரை வயிறுதான் நிறையும். மீதிக்கு நான் அதே மிராசுதார் வயலில் நடவுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் விழுந்த அந்த வரப்பை மிதிக்காமல் அந்த வயலில் இறங்க வழியில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன். அந்த வரப்புக்குத் திரும்பப் போகக் கூடாது, அது ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

என் நாத்தனாரும் என்னோடுதான் இருந்தாள். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போனதால் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் போனபிறகு அண்ணி வீடு. நான் பேசாததை எல்லாம் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

தையல் நிலையத்துக்கு இடம் என்று யூனியனில் வாடகைக்குப் பிடித்தது மிராசுதாருடைய பழைய நெல் கொட்டகை. ஊரில் ஓட்டுக்கூரை போட்ட காலி இடம் வேறு இல்லை. உள்ளே நுழைந்தால் இன்னமும் உமி வாசனை. மெஷினுக்கு ஒரு பூவரச முக்காலி போட்டிருந்தார்கள். எங்களுக்குத் துணி பிடிக்கவே வரவில்லை. சேற்றுப் புண்ணில் வெடித்துக் கிடந்த விரலில் நூல் மாட்டும், துணி மாட்டும். டீச்சரம்மா மருதாணி அரைத்துக் கொண்டுவந்து எங்கள் விரல் இடுக்கிலெல்லாம் அவர் கையாலேயே அப்பிவிட்டார். அதுவரை எங்கள் கையை அப்படி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்த சர்க்கார் ஆள் யாரும் இல்லை. பிள்ளைக்காரிகளுக்குக் கொட்டகை உத்தரத்தில் தூளி கட்டிக் கொடுத்தார். மாமியார் விடமாட்டேன் என்கிறாள் என்றால் அந்த மாமியாரிடம் போய் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து பேசி, கடைசியில் அவளே மருமகளைத் துரத்திவிடும்படி செய்துவிடுவார். காலையில் தெருவில் வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிடுவார். வராதவளை ஏன் வரவில்லை என்று அதட்டமாட்டார். "ராத்திரி சாப்பிட்டீங்களாக்கா?" என்றுதான் கேட்பார். அதைக் கேட்டதும் எழுந்து அவர் பின்னால் போய்விடுவோம்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. கொட்டகை வாசல் பெரிய தெருவைப் பார்த்து இருந்தது. பெரிய தெருக்காரர் யார் அந்தப் பக்கம் போனாலும், கணக்குப்பிள்ளை போனாலும், அவர் வீட்டுச் சின்னப் பையன் போனாலும், நாங்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்துவிடுவோம். யாரும் சொல்லி எழுவதில்லை. கால் தானாக எழும். மிதி நிற்கும், துணி இழுபடும், நூல் அறுந்துபோகும், தையல், வரப்பு வளைகிற மாதிரி வளையும். ஒரு தடவை எனக்கு ஊசி விரலிலேயே இறங்கிவிட்டது. டீச்சரம்மா அன்றைக்குத்தான் கவனித்தார். என் விரலைத் துணியால் சுற்றிக் கட்டினார். பிறகு, "துணி வெட்டுறதவிட இதத்தான் முதல்ல பழகணும்" என்றார்.

மறுநாளிலிருந்து அது ஒரு பாடம் ஆயிற்று. டீச்சரம்மா வெளியே போய், ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே வருவார். நாங்கள் எழாமல் தைக்கவேண்டும்.

"ஐயாவுக்கு மீசையக் காணுமே டீச்சரம்மா?" என்பாள் என் நாத்தனார்.

"எலி தின்னுடுச்சு. நீ மிதிடி."

"கும்பகோணத்து எலிங்களா, நம்மூரு எலிங்களா?"

எல்லோரும் சிரிப்போம். அந்தக் கொட்டகையில் எங்கள் ஜனம் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல். சிரித்துச் சிரித்து, உட்கார்ந்தே இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினோம். கணக்குப்பிள்ளை போனால் எழாமல் தலையை மட்டும் குனிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டோம்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சீருடைத் துணி வந்தது. நீல நிறத்தில், கட்டு கட்டாக. இதை ஒழுங்காகத் தைத்துக் கொடுத்துவிட்டால் கூட்டுறவுச் சங்கம் பதிவாகும், வருஷா வருஷம் துணி நமக்கே வரும், யாரும் வயலுக்குத் திரும்பவேண்டாம் என்றார் டீச்சரம்மா. நான் அந்தத் துணியைத் தொட்டு முகர்ந்து பார்த்தேன். கஞ்சி வாசனை. எனக்கு அந்த வரப்புதான் நினைவுக்கு வந்தது. இனி அதைத் தாண்டவேண்டாம்.

பாதி தைத்திருப்போம். ஒரு நாள் முற்பகலில் மிராசுதாரே வந்துவிட்டார். நடவுக்கு ஆள் கிடைக்காமல் இவளுக எல்லாம் மெஷின் மிதிக்கிறாளுக என்று அவர் சொன்னதாகக் காதில் விழுந்திருந்தது. அவர் கத்துகிறவர் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார், அதுதான் எங்களுக்குப் பயம். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பழகின பழக்கமெல்லாம் போயிற்று. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நானும் எழுந்து நின்றேன். ஒரே ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அதன் பக்கத்தில் போய் நின்றார். "என்ன ஆயி, கால்ல அடியா?"

"இல்லீங்கய்யா," என்றாள் என் நாத்தனார், தலையைத் தூக்காமல்.

"பின்ன?"

"பாதியில எந்திரிச்சா தையல் கோணிப் போயிடும்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க. யாரு வந்தாலும் எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

இதைத் திமிராகச் சொன்னாள் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியும், அப்படி இல்லை. பெரிய தெருக்காரர் முன்னால் எங்களில் யாரும் 'நான்' என்று சொல்லி நிற்பதில்லை. தலையாரி சொன்னாருங்க, கணக்குப்பிள்ளை சொன்னாருங்க என்று இன்னொருத்தர் சொல்லை முன்னால் நிறுத்திவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எங்கள் வழக்கம். ஆள் விட்டு அண்ணனை அடித்துக் கொன்றவர் முன்னால் எழக்கூடாது என்று அவள் மனசில் இருந்தது. அதைச் சொல்ல முடியுமா? கைக்குக் கிடைத்த மறைப்பு டீச்சரம்மா. சர்க்கார் ஆள், அவரை யார் என்ன செய்துவிட முடியும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

"அப்படியா சொல்லிக் குடுக்குறாங்க," என்றார் அவர். டீச்சரம்மாவைப் பார்த்துச் சிரித்தார். போய்விட்டார்.

சில நாளில், குறுவை நெல் கொட்ட இடம் வேண்டும் என்று மிராசுதார் ஆள் வந்து சொன்னான். நாங்கள் போய்ப் பார்க்கும்போது மெஷின்கள் எல்லாம் வெளியே தாழ்வாரத்தில் கிடந்தன. ஐப்பசி மழை. சாரலில் நீலத்துணி நனைந்து சாயம் வடிந்து ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா முந்தானையால் மெஷின்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்கத் துடைக்க நனைந்தது. கூலிக்காரப் பெண்களுக்குக் கொடி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார் என்று அவர்மேல் மனு போயிருந்தது. வேதாரண்யத்துப் பக்கம், உப்பளத்துக்கு நடுவே எங்கோ மாற்றிவிட்டார்கள். தைத்ததும் தைக்காததுமாகத் துணியை யூனியன் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. சங்கம் என்ற பேச்சு அதோடு நின்றது.

போகிற அன்று அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். என் நாத்தனார் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "என் வாயால கெட்டுதே, என் வாயால கெட்டுதே" என்று அழுதாள். "நான் சொல்லாததயா சொன்னீங்க?" என்று அவளைத் தூக்கி நிறுத்தினார் டீச்சரம்மா. அவர் கண் சிவந்திருந்தது. "தையல விட்டுடாதீங்கக்கா" என்றார். என்னைப் பார்த்தார். எனக்குப் பேச்சு வராது என்று அவருக்குத் தெரியும். என் கையை விரித்து, விரல் இடுக்கைப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை. தாழ்வாரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த முக்காலிகளில் ஒன்றை நாத்தனார் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்தச் சம்பாவுக்கு நான் திரும்ப அந்த வரப்பைத் தாண்டி இறங்கினேன். நாத்தனாரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவள் திருப்பூருக்கு வண்டி ஏறினாள். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு வருவாள்.

"தைக்கத் தெரியும்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் அண்ணி. அங்க ஓடுற மெஷின் வேற. கை வேகம் பத்தலன்னு செக்கிங்ல போட்டுட்டாங்க. நின்னுகிட்டேதான் பாக்கணும். உக்காந்தா சூப்பர்வைசர் வள்ளுனு விழுவான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பண்ணைக்கு எந்திரிக்காத காலு, இப்ப பனியனுக்கு நிக்கிது."

காலில் நரம்பு கொடி கொடியாக முறுக்கிக்கொண்டு, புண்ணாகி, ஆறாமல், கடைசியில் அவள் ஊரோடு வந்துவிட்டாள். இந்த முக்காலியில்தான் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். ஒரு தேர்தலில் மிராசுதார் மகன் கையைக் கூப்பிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். நிலத்தில் பாதியை விற்று, கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தார். "உக்காருங்க ஆயி, உக்காருங்க" என்றார் அவளிடம். "நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் என்னால எந்திரிக்க முடியாதுங்க" என்றாள் அவள். அடுத்து வந்த தை மாசத்தை அவள் தாண்டவில்லை.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். உதவித்தொகை வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பெனி வேலைக்குப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, வேலையில் சேர்ந்தபிறகும் கூட இருந்து பார்த்துக்கொள்வோம் என்றாள். நல்ல பெண்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்றுகூடக் கேட்டாள். பன்னிரண்டாவது முடித்திருக்கும் என் பேத்தி பேர் கொடுத்துவிட்டாள்.

"அங்க போய் என்ன பழகணும்?" என்று பேத்தி கேட்டாள்.

"மெஷினெல்லாம் அப்புறம்தான்மா. முதல்ல எட்டு மணி நேரம் நிக்கப் பழக்குவோம். அதுல நின்னுட்டா வேலைய விட்டு ஓடமாட்டாங்க."

இன்று காலை பேத்தி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் அப்பா ரோட்டிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். நான் முக்காலியை இழுத்துப் போட்டு, குட்டைக்காலுக்கு ஓட்டுச் சில்லு ஒன்றை முட்டுக்கொடுத்தேன்.

"எதுக்கு ஆத்தா?" என்றாள்.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். ரோட்டில் அவள் அப்பன் கூப்பிட்டதும் எழப் போனாள். நான் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினேன்.