ஒரு மாணவியின் அறுபது சொற்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பல்லேபொலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். கோபம் வந்தால் என் தமிழ் இன்னும் நன்றாக வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் குழாயில் காலை ஒன்பது மணிக்குமேல் தண்ணீர் வராது. கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீர்கூட இருக்காது. அதனால் பெண்பிள்ளைகள் வீட்டில் தேத்தண்ணியையே வேண்டாமென்றுவிட்டு வருவார்கள், பள்ளி விடும்வரை ஒரு மிடறு குடிக்க மாட்டார்கள். போன வருடம் ஓர் அமைப்பு, தண்ணீர்த் தொட்டி கட்டித் தருவதற்கு விண்ணப்பம் கேட்டது. ஐந்நூறு சொற்களுக்கு மேல் போனால் வாசிக்கவே மாட்டார்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

எழுதும் வேலை எனக்கும் கணக்கு டீச்சருக்கும் வந்தது. அவர் யட்டவத்தையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், இதே பள்ளிக்கூடத்தில் படித்து இங்கேயே படிப்பிக்க வந்தவர். இணையத்தில் ஒரு கோப்பைத் திறந்து, இருவரும் அவரவர் போனிலிருந்தே எழுதலாம் என்று காட்டித் தந்தார். மூலையில் சொற்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. நான் ‘பெருமதிப்பிற்குரிய’ என்று தொடங்கி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் முப்பது சொற்கள் போய்விட்டன.

புதன்கிழமை ஐந்நூற்று அறுபதில் வந்து நின்றது. எதை வெட்டுவது என்று நாளைக்குப் பேசுவோம் என்று பிரிந்தோம். பஸ்ஸில் போகும்போது மலையையும் பனியையும் பற்றி நான் எழுதியிருந்த பத்தியில் ஒரு சொல்லை மாற்றினேன். அது என் செல்லப் பத்தி. வீட்டுக்குப் போய்த் திறந்தால் அந்தப் பத்தியையே காணவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் முன்னால் வெடித்தேன். கணக்குப் படித்தவர்களுக்குத் தமிழின் அருமை எங்கே தெரியும் என்று கேட்டேன். டீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கையும் களவுமாகப் பிடித்து அதிபரிடம் காட்டத்தான் திறந்தேன். அந்தக் கோப்பில் பழைய வடிவங்களைப் பார்க்க ஓர் இடம் உண்டு. யார், எத்தனை மணிக்கு, எதை எழுதினார், எதை அழித்தார் என்று எல்லாம் இருக்கும். புதன் பின்னேரம் என் பத்தியை அழித்த இடத்தில் என் பெயர் இருந்தது. பஸ் வளைவில் திரும்பியபோது என் பெருவிரல் செய்த வேலை. அழிந்த இடத்தில் ஒரு ‘ப’ மட்டும் தனியாகக் கிடந்தது.

அந்தப் பத்தி போனதும் கணக்குச் சரியாகியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒருவரும் டீச்சரைக் கேட்டிருக்க முடியாது. அவரோ சுபஹு தொழுதுவிட்டு, காலை ஐந்தேகாலுக்கு, என் பத்தியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். இடம் போதாததால் தன் பத்தி ஒன்றை எடுத்துவிட்டார். அறுபது சொற்கள். நான் முதல் தடவையாக அதை ஒழுங்காக வாசித்தேன்.

ஒரு மாணவி ஐந்து வருடம் பள்ளி நேரத்தில் தண்ணீர் குடிக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சை நேரம் சிறுநீரகத்தில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த வருடம் தங்கையோடு ஒரே மண்டபத்தில் இருந்து எழுதினாள். இவ்வளவுதான் விஷயம். என் மலையும் பனியும் அதற்குப் பக்கத்தில் நிற்கக் கூசின.

வெட்கமாக இருந்தது. அதே அறையில், அதே ஆட்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். என் பத்தியை நானே அழித்தேன், இந்த முறை தெரிந்தே.

“சேர் எழுதினது அழகா இருந்திச்சே,” என்றார் டீச்சர்.

“அழகு தண்ணி கொண்டு வராதுங்க டீச்சர். உங்களோடதத் திரும்பப் போடுங்க.”

அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் போனை எடுத்தார். என் போனிலும் கோப்பு திறந்திருந்தது. பத்தி திரும்ப வந்தது. பிறகு ‘ஒரு மாணவி’ அழிந்து, அந்த இடத்தில் ‘நான்’ வந்தது. ‘கிடந்தாள்’ மெதுவாகக் ‘கிடந்தேன்’ ஆனது.

“ஒரு சொல்லும் குறையுது சேர்,” என்றார். அதற்குப் பிறகு அந்த விண்ணப்பத்தில் நான் ஓர் எழுத்தையும் தொடவில்லை.

தொட்டி பள்ளிக்கூடத்தின் இரண்டாம் தவணையில் வந்தது. இப்போதெல்லாம் செய்யுள் நடத்தும்போது பாதியில் ஒரு பெண்பிள்ளை எழும்பி, வெளியே போகட்டுமா என்று கேட்கும். முன்பென்றால் கத்தியிருப்பேன். இப்போது போயிட்டு வாம்மா என்கிறேன்.