கிட்டிஹாக்கின் வாலுக்குள் இரண்டு தட்டு

ஒக்லாந்தில், எங்கள் வெஸ்ட்கேட் வீட்டின் சமையலறை யன்னலோரம் ஒரு இரும்புக்கட்டி கிடக்கிறது. சவர்க்காரக் கட்டியளவுதான், ஆனால் தூக்கினால் கையைக் கீழே இழுக்கும். ஒரு முகம் மட்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், உள்ளி தட்டுகிற கல்லா என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்லப் புறப்பட்டால் அத்தானைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். பென்ரோஸில் காற்றுக்குழாய் செய்யும் தொழிற்சாலையில் தகடு வெட்டி வளைக்கிற வேலை. வாரத்தில் ஐந்து நாளும் தகட்டோடு மாரடிக்கிற மனிதர் சனிக்கிழமையாவது வீட்டில் இருப்பார் என்று எந்த மனைவியும் எதிர்பார்ப்பாள். அவரோ சனி விடிந்தால் அதே பென்ரோஸில், இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானம் ஒன்றை மறுபடி பறக்கவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். கிட்டிஹாக் என்பது அதன் பெயர். ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்த குடும்பம் எங்களுடையது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பிளேனுக்குப் பயந்து ஓடிவந்த நாட்டில, இந்த மனுசன் பிளேன் செய்யுது!"

"அது குண்டு போட வந்த பிளேன். இது குண்டு போட வந்தவனைக் கலைச்ச பிளேன்," என்பார் அத்தான். கிட்டிஹாக்கும் குண்டு சுமந்ததுதான் என்று பிற்பாடு நான் எங்கோ வாசித்துவிட்டுக் கேட்டேன். "அது வேற கதை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அந்த விமானத்தின் வரலாறு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். விரும்பிப் படித்ததல்ல, பிறந்தநாள், செத்தவீடு என்று பார்க்காமல் அவர் சொல்லிச் சொல்லி ஏறியது. அமெரிக்காவில் செய்தது. யப்பான் படை பசிபிக்கில் தீவு தீவாக இறங்கி வந்து, அடுத்தது நாங்கள்தானோ என்று இந்த நாடு கலங்கியபோது, இங்கத்தைய பொடியங்கள் சொலமன் தீவுகள்வரை கொண்டுபோய்ச் சண்டை பிடித்தது இதில்தான். உயரத்தில் இதற்கு மூச்சு வாங்கும், ஆனால் உடம்பெல்லாம் சல்லடையானாலும் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். போர் முடிந்ததும் வரிசையாக நிறுத்தி வெட்டி உருக்கிவிட்டார்கள். தப்பிய சிலதைச் சில்லுக்கும் ஆணிக்குமாகக் கமக்காரர் தங்கள் பண்ணைகளுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அத்தானுடைய விமானத்தின் வாலுக்குள் பல வருடம் கோழி அடைகிடந்ததாம். கொட்டகைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல், இதைவிடப் பேர்போன வேறொரு விமானத்தின் பெயரைச் சொல்லி, "இது ஸ்பிட்ஃபயரா?" என்று கேட்பார்கள். அத்தான் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பெண் பார்க்க வந்தவர்கள் தங்கச்சியைக் கேட்டதுபோல் இருக்கும்.

நான் இதற்குள் மாட்டியது என் உடம்பு வாகினால். விமானத் தகட்டுக்கு ஆணி அடிப்பது இரண்டு பேர் வேலை. வெளியே நிற்பவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க, உள்ளே இருப்பவர் ஆணியின் மறுமுனையில் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்கவேண்டும். அந்த அழுத்தத்தில் முனை நசுங்கி, பொத்தான்போல் விரிந்து பிடித்துக்கொள்ளும். வால் போகப் போக ஒடுங்கும். வெள்ளைக்காரத் தோள் எதுவும் உள்ளே போகாது. "என்ரை மச்சாள் சின்ன ஆள், அவ போவா," என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். மனுகாவ் மருத்துவ நிலையத்தில் கிழமை முழுக்கத் தொலைபேசி எடுத்துக் களைத்த நான், சனிக்கிழமைகளில் ஒரு வாலுக்குள் மடங்கிக் கிடந்தேன்.

உள்ளே இருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதனால் தட்டுத்தான் பேச்சு. நான் ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் கொஞ்சம் அடி என்று அர்த்தம். இரண்டு தட்டினால் சரி, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டினால் பிழை, துளைத்துக் கழற்று. அத்தானும் நானும் அந்த வருடங்களில் வாயால் பேசியதைவிடத் தகட்டால் பேசியது அதிகம். வெளியில் இருந்து அவருக்கு எதுவும் தெரியாது. என் தட்டுத்தான் அவருக்குக் கண்.

ஒரு சனிக்கிழமை என் சிநேகிதியின் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. சேலை காரில் தொங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் நாலே நாலு" என்று அத்தான் வாலுக்குள் தலையை நீட்டி மூன்றாவது முறையாகச் சொன்னபோது எனக்கு வந்த எரிச்சலில் கை வியர்த்து இரும்பு சறுக்கியது. விரலால் தடவினேன். ஆணி முனை ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. மூன்று தட்டினால் துளைத்து, இழுத்து, புதிது போட்டு இன்னும் அரைமணி நேரம். நான் இரண்டு தட்டினேன். அடுத்ததுக்குப் போய்விட்டார். நான் சாமத்தியவீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் கம்பிகளும் குழாய்களும் பூட்டி மூடிவிட்டார்கள். வேலை முடிந்து, மார்ச் கடைசியில் முதற் பறப்பு என்று நாள் குறித்தார்கள். அந்த நேரம் பார்த்து அத்தானுக்குக் கண்ணில் வருத்தம் என்று தெரிந்தது. நடுப்பார்வை கரைகிறது, ஓரங்கள்தான் மிஞ்சும், ஊசி போட்டால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார் வைத்தியர். "மார்ச் வரைக்கும் தாக்குப்பிடிச்சால் காணும்," என்றார் அத்தான். தன் வாழ்க்கையில் அவர் வேறெதையும் இப்படிக் கேட்டதை நான் காணவில்லை.

எனக்கு நித்திரை போயிற்று. சொன்னால் பறப்பு தள்ளிப்போகும், அவர் பார்க்கமாட்டார். சொல்லாவிட்டால் அந்த ஆணியோடு ஒரு மனிதன் மேலே போவான். நூற்றுக்கணக்கான ஆணியில் ஒன்று சாய்ந்தால் வால் கழன்று விழுந்துவிடாது என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கடைசியில், பெப்ரவரியில் ஒருநாள் கொட்டகை வாசலில் வைத்துச் சொன்னேன்.

"அத்தான், வாலுக்குள்ள ஒரு ஆணி பிழை. தெரிஞ்சுகொண்டுதான் ரெண்டு தட்டினனான்."

"எந்த ஆணி?"

"இடப்பக்கம், நடு வரிசை. எதெண்டு நினைவில்லை."

"அப்ப வரிசை முழுக்கக் கழட்டிப் பாக்கவேணும்," என்றார்.

அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை சொல்லி அழுது முடித்திருப்பேன். அந்த மனுசன் அதற்கும் இடம்தரவில்லை. அக்காதான் ஏசினாள். "ஒரு ஆணிக்காக அவரின்ரை கண்ணைக் கெடுத்துப்போட்டியே! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தானே?" என்றாள். கம்பி, குழாய் எல்லாம் கழற்றி மறுபடி அதே வாலுக்குள் நான் மடங்கிப் போனேன். சாய்ந்தது ஒன்றேதான். அதையும் சுற்றியிருந்ததையும் மாற்றி, மறுபடி பூட்டி, மறுபடி பரிசோதகர் வந்து கையெழுத்து வைப்பதற்குள் ஒக்லாந்தின் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. விமானம் பறந்தது, இங்கே கோடை தொடங்கும் டிசம்பரில்.

அதற்குள் நடுப்பார்வை போய்விட்ட அத்தான், விமானத் திடலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். பெரிய உறுமலோடு அது ஓடி எழும்பியது. என் கண் பதுங்க இடம் தேடியது. பழைய பயம் இன்னும் போகவில்லை. அவர் முகம் மட்டும் சத்தம் போன பக்கமெல்லாம் திரும்பியது.

"சில்லு உள்ளுக்கு மடிச்சிட்டுதோ?"

"ஓம் அத்தான், மடிச்சிட்டுது."

என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். இன்னும் வேண்டுமாம். செட்டை சரிந்ததை, வெயில் பட்டதை, மேகத்துக்குள் போய் வந்ததைச் சொன்னேன். மறுபடியும் ஒரு தட்டு. எனக்கு எரிச்சல் வந்தது, ஆனாலும் சொல்லிக்கொண்டே போனேன். அது இறங்கி வந்து நின்றபிறகு, வாலின் இடப்பக்கம் போய் நடு வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். வீட்டுக்குப் போகும்போது அந்த இரும்புக்கட்டியை என் கையில் தந்தார்.

இரண்டு தட்டு எவ்வளவு லேசாகப் பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இரண்டு தட்டு என்னை இன்றுவரை விடவில்லை. மன்னித்தாரா, அல்லது நான் செய்ததுபோல அலுத்துப்போய் அடுத்ததுக்குப் போனாரா? போன ஞாயிறு அக்காவோடு வந்திருந்தார். யன்னலோரம் கையால் துழாவி இரும்பைக் கண்டுபிடித்து, அதன் வழவழப்பான முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கு ரெண்டு தட்டினீங்களே அத்தான், அது உண்மையாத் தட்டினதோ?"

"நீர் தட்டினதை நான் நம்பினனான் பிள்ளை. நான் தட்டினதை நீர் நம்பும்," என்றார்.

பிறகு இரும்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தேத்தண்ணியை ஒரு வாய் குடித்து, சீனி காணாது என்றார்.