குங்குமம் வைத்த படங்களும் ஒரு பழைய மெயிலும்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் இராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஒரு மெயிலைக்கூட அழிக்க நான் விட்டதில்லை. இன்னொரு வழக்கமும் என்னுடையதுதான். ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் துணிக்கட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் படம் பிடித்து, அதை மெயிலோடு அனுப்புவோம்.

ஒருநாள் காலையில் கேரளத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன் வந்தது. முதன்முதலில் வாங்கிய அதே நெசவு வேண்டுமாம். அந்த நெசவின் அளவு அவர்களிடம் இல்லை, எங்கள் பழைய மெயிலில்தான் இருக்க வேண்டும். மூன்று மணிக்குள் சரி சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள். அந்த ஆர்டர் போனால் பாதித் தறி நிற்கும்.

பழைய மெயிலைத் தேடும் புரோகிராமை எழுதியவள் என் மருமகள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், கிருஷ்ணன்கோவிலில் கம்ப்யூட்டர் படித்தவள். பத்து மணிக்குத் தேட விட்டாள். பன்னிரண்டு தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு இருக்கு?"

"கால்வாசிகூட முடியல அத்தை. எழுத்தைத் தேடச் சொன்னா, நீங்க குங்குமம் வச்ச படத்தை ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பாத்துக்கிட்டிருக்கு."

"பழியை என் தலையில போட்டுட்டியா?"

"என் தலையிலயும்தான். படத்தை விட்டுட்டுப் படின்னு நான் எழுதல. இப்ப எழுதுதேன். ஆனா ஓடுறதை நிறுத்தணும், பொறவு முதல்லேருந்து ஓடணும்."

இரண்டு மணி நேரம் ஓடியதை நிறுத்துவதா? அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை.

"நிறுத்து" என்றேன்.

இரண்டு மணி வரை தட்டினாள். சோறு வைத்தேன், தொடவில்லை. பிறகு மறுபடி ஓட விட்டாள். நான் சோற்றை மூடி வைத்துவிட்டுத் திரும்பினேன். திரையில் அந்த மெயில் நின்றது.

அதே கம்ப்யூட்டர்தான். ஒரு சாமான்கூடப் புதிதாக வாங்கவில்லை. படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னதற்கா இவ்வளவு வேகம்? அத்தனை வருடத்துப் பேச்சுக்குள் புகுந்து, கேட்ட ஒன்றை மட்டும் எடுத்து வந்திருக்கிறது. உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அளவை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

"சரின்னு போட்டிரட்டுமா அத்தை?"

"போடு."

இரண்டரைக்குப் பதில் போனது. நான் தறிக்கூடத்துக்கு நடந்தேன். பெண்கள் தறியை நிறுத்தாமலே என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஓட்டுங்கட்டி, ஆர்டர் நமக்குத்தான்" என்றேன்.