நாலு வரியும் ஒரு கோணியும்

வெறும் நாலு வரி. அதைப் பார்த்து ‘சரி’ என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பூதலூரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் கோடில் நொட்டை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். டீமில் புதிதாகச் சேர்ந்த நிவேதா, முத்துப்பேட்டைப் பெண், ஒரு சின்னத் திருத்தம் அனுப்பியிருந்தாள்.

எங்கள் மென்பொருளில் ஹாஷ் டேபிள் என்று ஒன்று உண்டு. பயப்படாதீர்கள்... பெயரைச் சொன்னால் அதற்குரிய தகவலை டக்கென்று எடுத்துத் தரும் ஏற்பாடு, அவ்வளவுதான். ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் மெமரியில் ஒரு இடம் ஒதுக்குவோம். அங்கே பழைய மிச்சம் மீதி கிடக்கலாம். முதலில் அதை முழுசாகத் துடைத்துவிட்டுப் பிறகு நிரப்பு என்று எழுதியிருந்தாள் நிவேதா.

சும்மா இருப்பேனா? ‘எப்படியும் புதுசைத்தானே நிரப்பப் போறோம்... இது அழகுக்கா?’ என்று கேட்டு, ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன்.

‘ஏதாவது ஒண்ணை நிரப்ப மறந்துட்டா, பழசு அப்படியே நிக்கும் மேடம்’ என்று பதில் வந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பாவம், அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை முடிவாகிறது. எடுத்துக்காட்ட அவளிடம் இருந்தது இந்த நாலு வரிதான். வெள்ளி மாலைக்குள் நான் ‘சரி’ சொன்னால்தான் உண்டு.

வெள்ளி மதியம் கீழே இறங்கினேன். என் கணவர் விதைநெல்லைக் கோணியில் கொட்டப் போனார். வேறு ரகம் இருந்த பழைய கோணி!

“என்னங்க, உதறாம கொட்டாதீங்க.”

“எப்படியும் நெல்லைத்தானே கொட்டப் போறோம்?”

“நல்லாருக்கே... மூலையில பழைய நெல்லு ஒட்டிக்கிட்டிருக்கும். போன சம்பாவுல பட்டது போதாதா?”

போன சம்பாவில் எங்கள் குட்டை ரகத்துக்கு நடுவே நெட்டை நெட்டையாக வேறு நெல் நின்றது. ரோட்டில் போனவரெல்லாம், “என்ன, ரெண்டு ரகம் போட்டிருக்கீங்களா?” என்று விசாரித்தார்கள். தப்பு நடந்தது கோணியில் — தெரிந்தது கதிர் வந்த பிறகு.

அவர் முணுமுணுத்துக்கொண்டே கோணியை உள்வெளியாகத் திருப்பி உதறினார். பொலபொலவென்று பழைய நெல் விழுந்தது.

அவர் சொன்னது, கிட்டத்தட்ட அப்படியே நான் நிவேதாவுக்கு எழுதியதல்லவா? நமக்கு அடிபட்ட விஷயத்தில் நாம் எச்சரித்தால் அது அக்கறை. அடுத்தவர் எச்சரித்தால் அதிகப்பிரசங்கித்தனம்!

மாடிக்கு ஓடி, ‘சரி’யை அழுத்தினேன். கேலி செய்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

உடனே பதில் வந்தது, அதே சிரிப்புப் பொம்மையோடு.

‘அழகுக்குத்தான் மேடம்.’