பொன்மலரின் வலது முழங்கை

ஒரு ஜோடி ஷூவுக்குப் பொன்மலர் முப்பத்தெட்டு முறை சுத்தியலால் தட்டுவாள். ஒரு ஷிப்டில் இருநூற்று நாற்பது ஜோடி. ஆக ஒரு நாளைக்கு ஒன்பதாயிரத்து நூற்று இருபது தட்டு. ஆம்பூரில் அவள் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில் எழுத்தராக இருந்தபோது, ஒருநாள் அவள் டேபிள் பக்கத்தில் நின்று நானே எண்ணி எழுதிக்கொண்ட கணக்கு இது.

அவள் பார்த்தது ஃபோல்டிங் வேலை. அப்பர் எனப்படும் ஷூவின் மேல்தோலின் ஓரத்தில் பசை தடவி, உள்பக்கம் மடித்து, சிறு சுத்தியலால் தட்டிப் படியவைக்க வேண்டும். வளைவில் சுருக்கம் விழக்கூடாது. பத்தொன்பது ஆண்டுகளில் அவள் மடித்த அப்பர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பதினொன்று திரும்பி வந்திருக்கின்றன.

2022 ஜூன் தொடக்கத்தில் வலது முழங்கையின் வெளிப்புறம் வலிக்க ஆரம்பித்தது. டீ டம்ளரைத் தூக்கினாலே கையிலிருந்து நழுவியது. சூப்பர்வைசர் செந்தில்குமாரிடம் ஒரு வாரம் லீவு கேட்டாள். அவளைவிட எட்டு வயது இளையவன்.

"இன்னாம்மா, முழங்கை வலிக்கெல்லாம் லீவா? செவ்வாக்கெழம கம்பெனிக்கு டாக்டர் வருவாரு. ஊசி போட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும், லீவு எதுக்கு?"

ஜூன் 14 அன்று முதல் ஊசி. ஸ்டீராய்டு மருந்து. சொன்னபடியே இரண்டாம் நாள் வலி போயிற்று. மாதனூர் பஸ்ஸில் என் பின்சீட்டில் உட்கார்ந்து கையை மடக்கி நீட்டிக் காட்டினாள். டேபிள் தோழி உமைமாவையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாள். வலி போனால் நோய் போய்விட்டது என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும். ஓய்வு கேட்பவளைச் சோம்பேறி என்போம். ஊசி போட்டுக்கொண்டு அன்றே டேபிளுக்குத் திரும்புகிறவளைக் கெட்டிக்காரி என்போம்.

முதல் ஊசி பதினொரு வாரம் தாங்கியது. செப்டம்பர் 6இல் போட்டது ஏழு வாரம். நவம்பர் 1இல் போட்டது நான்கு வாரம். டிசம்பர் 6இல் போட்ட நான்காவது, ஒன்பது நாள். அதன்பிறகு சுத்தியல் கையில் நிற்கவில்லை. டிசம்பர் 20ஆம் தேதி, லைன் முழுவதும் கேட்கும்படி செந்தில்குமார் சொன்னான்:

"டப்பா மடிக்கறதுக்கு கையில பலம் வேணாம். நாளையிலேர்ந்து பேக்கிங்ல போய் உக்காரு."

பேக்கிங்கில் அவளுக்கு மேலே இருந்த சங்கீதா, நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளிடமே வேலை பழகியவள். அன்று பஸ்ஸில் பொன்மலர் அழவில்லை.

"சார், எனக்கு ரெண்டு வேணும். என் டேபிள் வேணும். அப்புறம், அவனுக்கும் ஒருநாள் இந்த மாதிரி கை தூக்க முடியாம போவணும். நான் பாக்கணும்."

அவள் போகும் சர்ச்சின் போதகர் காதுக்கு இது போயிருக்கிறது. மன்னிக்கச் சொல்லியிருக்கிறார். "கை சரியாவட்டும் ஐயா, மன்னிக்கறேன்" என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

2023 ஜனவரி 9ஆம் தேதி வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேனில் தசைநார் சற்றுக் கிழிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர், பிசியோதெரபி பார்க்கும் ஃபீபியிடம் அனுப்பினார்.

"நாலு ஊசியா? ஆறு மாசத்துலயா?" என்று ஃபீபி கேட்டிருக்கிறாள். "அக்கா, இந்த முழங்கை வலிக்கு அந்த ஊசி ஆறு வாரம் நல்லாத்தான் இருக்கும். ஆனா ஊசி போட்டவங்க, போடாதவங்கன்னு ரெண்டு பக்கமும் வச்சு ஒரு வருஷம் பாத்திருக்காங்க. வருஷக் கடைசியில போட்டவங்க நெலமதான் மோசம்."

"அப்போ இன்னாதான் பண்ணணும்?"

"நாருக்கு கொஞ்சம் கொஞ்சமா பாரம் குடுக்கணும். லேசா வலிச்சா பரவால்ல. ஆனா பொறும வேணும், குறைஞ்சது பன்னெண்டு வாரம்."

முன்கையை மேஜைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழே பார்க்கத் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். இடது கையால் மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும், நான்கு எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து முறை, மூன்று சுற்று, தினமும்.

பொன்மலர் எண்ணவில்லை. "செந்... தில்... கு... மார்" என்று சொல்லி இறக்கினாள். சரியாக நான்கு. ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து முறை அவன் பெயர். பஸ்ஸுக்கு வரும்போது சில நாள் அவள் வாய் அதை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அரை லிட்டர் பாட்டிலில் தொடங்கினாள். ஐந்தாம் வாரம் வலி கூடியது. "விட்டுடேன்" என்றாள் உமைமா. "அவன் பேர சொல்லாம எனக்கு பொழுது விடியாதுடி" என்றாள் இவள். பன்னிரண்டாம் வாரம் டம்ளர் கையில் நின்றது. அக்டோபரில் ஒன்றரை லிட்டர். ஆனாலும் டேபிள் கிடைக்கவில்லை. கேட்ட இரண்டு முறையும் செந்தில்குமார், "உன் கைய நம்பி ஆர்டர் எடுக்க முடியாது" என்றான்.

2024 ஜனவரியில் அவளுடைய மற்ற ஆசை பலித்தது. செந்தில்குமாரின் வலது தோள் இறுகிப்போனது. சட்டை மாட்ட முடியவில்லை, தலை வார முடியவில்லை. சர்க்கரை நோயும் உண்டு. வேலூர் டாக்டர், தோள்மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றிருக்கிறார். அவனுக்குப் பயம். பொன்மலரின் கையைப் பார்த்தவன்தானே. பேக்கிங் டேபிளுக்கே வந்து நின்றான்.

"பொன்மலரு, அந்த ஊசி... போடலாமா? நீதான் போட்டவ, சொல்லு."

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

"போட்டுக்கங்க சார். ரெண்டு நாள்ல சரியாயிடும், லீவு எதுக்கு?"

சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குத் தன் சொல்லே திரும்பி வந்தது புரியவில்லை. பிப்ரவரி 6ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டான். பதினேழு நாள் லீவும் எடுத்தான். அந்த மருந்தால் முதல் மூன்று நாள் சர்க்கரை தாறுமாறாக ஏறியது என்ற செய்தி வந்ததும் பொன்மலர் லைனில் எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். பதினொரு வாரம், ஏழு வாரம், நான்கு வாரம் என்று அவனுக்கும் ஒன்று வரும் எனக் காத்திருந்தாள்.

வரவில்லை. வலி குறைந்ததால் அவனால் பயிற்சி செய்ய முடிந்தது. மார்ச்சில் கையைத் தூக்கி ஃபேன் சுவிட்சைப் போட்டான். பொன்மலர் வேலூருக்கு, ஃபீபியிடம் ஓடினாள்.

"அதே ஊசிதானே? அவனுக்கு மட்டும் எப்டி சரியாச்சு?"

"ஊசி அதேதான் அக்கா, நோய் வேற. இறுகிப்போன தோளுக்கு ஆரம்பத்துலயே ஒரு ஊசி போட்டா நல்லாவே கேக்கும். உங்களது தேஞ்ச நாரு. நீங்க அவருக்கு நல்ல யோசனதான் சொல்லியிருக்கீங்க."

"நல்ல யோசனையா!" என்று பொன்மலர் எழுந்துவிட்டாள்.

மார்ச் 27, புதன்கிழமை, டீ நேரம். செந்தில்குமார் ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு வந்து, லைன் நடுவில் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"இந்தம்மா சொல்லித்தான் போட்டேன். எல்லாரும் வேணாம்னு பேஜார் பண்ணப்ப தைரியம் குடுத்தது இவதான். இன்னா வேணும் கேளு, செய்றேன்."

பொன்மலர் பேடாவைத் தொடவில்லை.

"உங்களுக்கு எத்தன நாள் லீவு சார்?"

வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. "பதினேழு" என்றேன்.

"நான் கேட்டது ஏழு. ஒண்ணுகூட தரல. இப்ப தோள் நல்லாயிடுச்சுல்ல? வாங்க. ஒரே ஒரு ஜோடி மடிங்க. நீங்க முப்பத்தெட்டு தட்டு, நான் முப்பத்தெட்டு தட்டு. யாரு கைய நம்பி ஆர்டர் எடுக்கறதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

லைன் முழுக்கப் பார்த்தது. கேளு என்று சொன்ன வாயால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சுத்தியலை எடுத்தான். உமைமா உரக்க எண்ணினாள். வளைவில் தோல் சுருங்கியது. "சார், அது ஷூவா, சமோசாவா?" என்றாள் சங்கீதா. இருபத்து மூன்றாவது தட்டு அவன் இடது கட்டைவிரலில் விழுந்தது. அதோடு முடிந்தது.

பொன்மலர் சுத்தியலைப் பிடித்துப் பதினைந்து மாதம் ஏழு நாள் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு தட்டு. ஒரு சுருக்கம் இல்லை. செய்து முடித்த அப்பரை அவன் மடித்ததன் பக்கத்தில் வைத்தாள். அதன்பிறகு ஒரு பேடாவை எடுத்துத் தின்றாள்.

ஏப்ரல் 1 முதல் டேபிள் அவளுடையது. ஃபீபி எழுதிக் கொடுத்தபடி, தொடக்கத்தில் எண்பது ஜோடி மட்டும்; முக்கால் மணி நேரம் தட்டினால் பத்து நிமிடம் வேறு வேலை. அந்தச் சீட்டில் செந்தில்குமார் கையெழுத்துப் போட்டான், கட்டைவிரலில் கட்டோடு.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேஜை விளிம்பில் கை, இரண்டு லிட்டர் பாட்டில். "செந்... தில்... கு... மார்."

"கைதான் சரியாயிடுச்சே. போதகர்கிட்ட குடுத்த வாக்கு இன்னா ஆச்சு? இன்னும் எதுக்கு இது?"

பாட்டிலை இடது கையால் மேலே தூக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "இது கைக்கு இல்ல சார்."

மறுபடி மெதுவாக இறக்கினாள்.