செருப்பு ஸ்டாண்டுக்குப் போக ஒரு கார்

என் அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்க வேண்டும் என்றால் டெல்லியில் எங்கள் முருகன் கோவில் அடிவாரத்துக்கு வர வேண்டும். அங்கே செருப்பு ஸ்டாண்டில் நிற்பார். வருகிறவர்களின் செருப்பை வாங்கிக் கட்டத்தில் வைத்து டோக்கன் கொடுப்பார். சம்பளம் கிடையாது, கேட்டு வாங்கிக்கொண்ட கைங்கரியம். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றத் தயங்குவார்கள். "சார், நீங்க போயி என் செருப்பை..." என்று இழுப்பார்கள்.

"முருகனைப் பாக்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா? கழட்டுடே. பின்னால ஆளு நிக்கி" என்பார்.

அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நிற்பார், கொஞ்ச தூரம் நடப்பார். படி ஏற முடியாது. தாழ்வாக உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கப் பெரும் பாடு. கோவிலோ குன்றின் மேல். "ஏற முடியாதவனுக்குக் கீழேயே ஒரு வேலையை வச்சிருக்கான் பாரு" என்று சொல்லிக்கொள்வார். அம்மா போன பிறகு துவாரகாவில் எங்களோடு வந்து இருக்கிறார். மகள் வீட்டில், மருமகன் சம்பாத்தியத்தில் இருக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு உண்டு. இன்னொரு தோசை வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டார். தட்டைக் கொஞ்ச நேரம் கழுவாமல் வைத்திருப்பார், நான்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் டாக்ஸியில் போனோம். தாழ்வான வண்டி. கோவில் வாசலில் அப்பா காலை வெளியே வைத்துவிட்டார், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. டிரைவர் நல்ல பையன். சுற்றி ஓடிவந்து, "ஆவோ பாபா, ஆவோ" என்று இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்திவிட்டான். வேஷ்டி நழுவிவிட்டது. வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். தெரிந்த மாமி ஒருத்தர், நல்ல எண்ணத்தோடுதான், "சாருக்கு இனிமே ரெஸ்ட் குடும்மா. சாமி எங்கேயும்தான் இருக்கார்" என்றார்.

அப்பா அன்றைக்கு முழு நேரமும் நின்று செருப்பு வாங்கி வைத்துவிட்டுத்தான் வந்தார். அடுத்த வெள்ளி, "குளுரு ஜாஸ்தி" என்றார். அதற்கடுத்த வெள்ளி தொண்டை கட்டிக்கொண்டது. மாசி போய்ப் பங்குனி வந்தது. உத்திரத்தன்று ஊரே கோவிலில் இருந்தது, அவர் வீட்டில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்தார். குளிர் என்று சொல்ல முடியாத வெயில் அன்றைக்கு. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். ஒரு மனுஷர் தன் கடவுளிடம் போக வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

என் படிப்பு லோதி ரோட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நின்றது. ஆனால் கார் ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு துவாரகாவின் அகலமான ரோடுகளில் கற்றுக்கொண்டேன். கண்டவன் தொட்டுத் தூக்கியதுதான் அப்பாவுக்கு அவமானம் என்று நினைத்தேன். நம் வீட்டுக் கார், மகள் ஓட்டுகிறாள் என்றால் மறுபடி போவார். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "சின்னதா, செகண்ட் ஹேண்ட்ல பாப்போம். பெட்ரோல் குடிக்காததா இருக்கணும். மாமாகிட்ட கேட்டுக்கோ" என்றார்.

டெல்லியில் பழைய கார் வாங்குவது தனிக் கணக்கு. பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம், டீசலுக்குப் பத்து. அதற்கு மேல் ரோட்டில் ஓடக் கூடாது. அதனால் இன்னும் நாலைந்து வருஷமாவது ஆயுசு மிச்சம் உள்ளதாகப் பார்க்க வேண்டும். சி.என்.ஜி. சிக்கனம்தான், ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் ஓட்டத்துக்குப் பெட்ரோலே போதும் என்று முடிவு செய்தோம். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியா என்று தெரிந்துகொள்ளக் கால்மிதியைத் தூக்கித் துருவைப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன்.

முதல் கார் பக்கத்து செக்டரில் ஒரு வங்கிக்காரருடையது. வெள்ளை நிறம், நல்ல மைலேஜ், ஒரு கீறல் இல்லை. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் எஞ்சினைப் பாருங்க, நான் வாரேன்" என்றார். நாங்கள் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தபோது இறங்கி நின்றிருந்தார், நெற்றியில் வேர்வை.

"நல்ல வண்டிதான்ட்டி. ஆனா நம்பரைக் கூட்டிப் பாத்தியா? எட்டு வருது."

எனக்கு ஆச்சரியம். அப்பாவுக்கு முருகன் உண்டு, விபூதி உண்டு. ராகு காலம், கூட்டு எண் எல்லாம் என் அம்மாவின் இலாகா, இப்போது என்னுடையது. வயதாக ஆக நம்பிக்கை கூடும்போல என்று சந்தோஷப்பட்டேன். எட்டு வேண்டாம் என்று வங்கிக்காரரிடம் சொல்லிவிட்டோம்.

இரண்டாவது கார் சிவப்பு. கூட்டினால் ஆறு, ஆறுமுகம்! எனக்கு மெய்சிலிர்த்தது. அப்பா உட்கார்ந்தார், எங்களை எஞ்சின் பார்க்க அனுப்பினார், பிறகு சொன்னார்: "சிவப்பு ஆகாதுட்டி."

"முருகன் கலர்லா அப்பா!"

"அவனுக்கு ஆகும். நமக்கு ஆகணும்லா? போதாக்குறைக்கு வண்டி தெக்க பாத்து நிக்கி."

"வண்டியத் திருப்பிக்கலாம் மாமா" என்றார் என் வீட்டுக்காரர்.

மூன்றாவது கார் கரோல் பாக் பக்கம், பழைய கார் விற்கும் கடை ஒன்றில். மற்ற இரண்டையும்விட மலிவு. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கதவு வழியாகத் தலையை நீட்டி, "இன்னைக்கு அஷ்டமில்லா? அஷ்டமியில யாராவது வண்டி பேசுவாங்களா?" என்றார்.

"அப்பா, இன்னைக்கு சஷ்டி. நான் காலையில இருந்து விரதம்."

ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முருக பக்தர், சஷ்டியை அஷ்டமி என்கிறார்!

"அப்படியா... நாளைக் கழிச்சு அஷ்டமி வருதுலா. அதுக்கு இவ்வளவு பக்கத்துல வாங்குனா நல்லாவா இருக்கும்? சரி, நீங்க போயி எஞ்சினைப் பாருங்க."

போனோம். கடைக்காரர் பானெட்டைத் திறந்து என் வீட்டுக்காரரிடம் ஏதோ காட்டினார். பானெட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சந்து. அதன் வழியாக அப்பா தெரிந்தார். இரண்டு காலையும் வெளியே வைத்தார். ஒரு கையால் கதவைப் பிடித்தார், மறு கையால் சீட்டை அழுத்தினார். எழவில்லை. மறுபடி அழுத்தினார். உதட்டைக் கடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். என் கால் அவர் பக்கம் ஓடத் துடித்தது. முருகா என்று அங்கேயே நின்றேன். நான் போய்க் கை கொடுத்திருந்தால், அந்த டிரைவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் எப்படியோ எழுந்துவிட்டார். வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, விரலால் விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் எங்களிடம் நடந்து வந்தார்.

எட்டும் இல்லை, சிவப்பும் இல்லை, அஷ்டமியும் இல்லை. மூன்று காரும் தாழ்ந்த கார். உயரமான கார் விலை கூட. மருமகனிடம் அதைக் கேட்க வாய் வராமல் கிரகங்களின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். எத்தனை கௌரவம் பாருங்கள் இந்த மனுஷருக்கு! எனக்கு அழுகை வந்தது. கூடவே, இவர் மகள் நான் என்று ஒரு கர்வமும் வந்தது.

அன்றைக்கு வீட்டில் கவனித்தேன். அப்பா சோபாவில் உட்காருவதே இல்லை. டிவி பார்ப்பதும் சாப்பாட்டு மேஜை நாற்காலியில்தான், அதிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்துவிடுகிறார். பூ கட்டும் நூலை எடுத்துத் தரையிலிருந்து நாற்காலியின் உயரத்தை அளந்து ஒரு முடிச்சுப் போட்டேன். சோபாவின் உயரத்தில் இன்னொரு முடிச்சு. நூலுக்குக் கொஞ்சம் மஞ்சளும் தடவினேன். அது என் பழக்கம், எந்த நல்ல காரியத்துக்கும் மஞ்சள் இல்லாமல் முடியாது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "என்னது, தாயத்தா?"

சொன்னேன். அவர் நூலை வாங்கி இரண்டு முடிச்சையும் தொட்டுப் பார்த்தார். பிறகு, "விலையப் பத்தி நீ யோசிக்காத. மாமாகிட்ட மட்டும் எதையும் காட்டிக்காத" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் ஏழு ஜென்மம் அவருக்குச் சமைத்துப் போடலாம்.

அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் அதே கரோல் பாக் கடைக்குப் போனோம். நெற்றி நிறைய விபூதி குங்குமத்தோடு, மஞ்சள் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காரின் கதவையும் திறந்து தரையிலிருந்து சீட் வரை பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். நான் மூன்று காரை அளந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரை ஓரமாக இழுத்து, "பாய்சாப், யே கோயி டோட்கா ஹை க்யா?" என்று கேட்டார். பரிகாரம் ஏதாவது செய்கிறேனா என்று அவருக்குச் சந்தேகம்.

என் வீட்டுக்காரர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஹா ஜி. தட்சிண பாரத் கா" என்று அதைத் தென்னாட்டுப் பரிகாரமாகவே ஆக்கிவிட்டார்!

அவ்வளவுதான். கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார். நான் கார் காராகப் போக, கைகூப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ரொம்ப நாளாக விற்காமல் மூலையில் கிடந்த ஒரு பெரிய வண்டியைக் காட்டி, "பெஹன்ஜி, ஏக் பார் இஸ்பே பீ" என்று கெஞ்சினார். அதற்கும் ஒரு தடவை நூலைப் பிடித்துவைத்தேன். பாவம், வயிற்றுப்பிழைப்பு. பொய் சொன்ன பாவம் என் வீட்டுக்காரருடையது, அதை அவர் முருகனிடம் பேசிக்கொள்ளட்டும்.

கடைசி வரிசையில் நின்றது அந்தக் கார். பெட்டி மாதிரி, அகலத்தைவிட உயரம் அதிகம் என்று தோன்றும் சின்ன வண்டி. சாம்பல் நிறம். அதன் சீட், நாற்காலியை அளந்து போட்ட மேல் முடிச்சுக்குச் சரியாக நின்றது. கதவு அகலமாகத் திறந்தது. பிடித்து எழ மேலே ஒரு கைப்பிடி இருந்தது. பெட்ரோல், ஒரே ஆள் ஓட்டிய வண்டி, இன்னும் ஏழு வருஷம் ஓடலாம். எங்கள் பிளாக் மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டினோம். அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பிரேக் கட்டை மட்டும் மாற்றச் சொன்னார்.

"ரொட்டி டப்பாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க ஒண்ணும் அதைக் கட்டிக்கப் போறதில்ல."

மறுநாள் அப்பாவைக் கூட்டிப்போனோம். "நான் வராட்டி என்ன? நீங்களே பாருங்க" என்று முதலில் மறுத்தார். கடையில் நான் அந்தக் காரின் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டேன். உட்கார்ந்தார். அவருடைய முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எங்களை எஞ்சின் பார்க்கச் சொல்லவில்லை. இறங்கினார். கதவைச் சாத்தினார். மறுபடி திறந்து ஏறி, மறுபடி இறங்கினார்.

என் வீட்டுக்காரருக்குக் குறும்பு தாங்கவில்லை. "மாமா, நம்பரைக் கூட்டிப் பாத்தேன். எட்டு வருதே?"

அப்பா நம்பர் பிளேட்டைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"அஷ்டலட்சுமி எத்தனை பேரு மருமகனே?"

"எட்டு."

"பிறகென்ன?"

வண்டி வந்த வாரமே வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றினேன். அப்பா மடிப்புக் கலையாத வேஷ்டி கட்டி, அரை மணி முன்னாலேயே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தார். கடையில் இறங்குவது வேறு, அத்தனை பேர் பார்க்க இறங்குவது வேறு.

கோவில் வாசலில் நிறுத்தினேன். நல்ல கூட்டம். அப்பா முன் சீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு வாசல் செக்யூரிட்டி, "அங்கிள்ஜி!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பையா, பீச்சே வாலி காடி கோ ரோக்கோ" என்று பின்னால் வரும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

அப்பா கதவைத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்தார். எழுந்து நின்றார். அவ்வளவுதான், அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேஷ்டி நுனியை உதறிவிட்டு, செருப்பு ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அங்கே நின்றிருந்தவரை, "நீங்க மேல போயி தரிசனம் பண்ணுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பிவைத்தார்.

நான் காரை நிறுத்திவிட்டு வந்தபோது அப்பா பரபரப்பாக இருந்தார். அன்றைக்கு ரெஸ்ட் கொடுக்கச் சொன்ன அதே மாமியின் செருப்பைக் கட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தார். "எப்ப வந்தீங்க சார்? யாரு கொண்டுவந்து விட்டா?" என்று மாமி கேட்டார்.

"நம்ம கார்ல வந்தேன். மக ஓட்டுதா" என்றார் அப்பா. நம்ம கார் என்றார். மருமகன் கார் என்று சொல்லவில்லை.

நெஞ்சு நிறைந்துபோய், என் செருப்பைக் கழற்றி வரிசைக்குப் பக்கவாட்டில் அவர் முன்னால் நீட்டினேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை பேரு நிக்கது கண்ணுக்குத் தெரியலையா? வரிசையில வாட்டி."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றேன்.