கங்காணியின் முதுகில் ராக்குவின் கால்

பூண்டுலோயாத் தோழிகளே, இன்று தேயிலை மலையில் நடந்ததை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கமே வராது!

கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது மாதவிலக்கு வலி இடுப்பைப் பிடித்து இழுத்தது. வேலையை விட்டுப் போனால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் கிடைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து நிரையிலிருந்து ராக்கு ஓடி வந்தாள். அவள் கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் கால் பட்டால் சுளுக்கு போய்விடும் என்பார்கள். அதனால் எங்கள் லயத்து வீடுகளில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவள் காலால்தான் நீவ வேண்டும்.

"இடுப்புல கட்டியிருக்கிற படங்குச் சாக்க விரிச்சு குப்புறப் படுடி" என்றாள்.

இடுப்புக்குக் கீழே குதிகாலை வைத்து மெதுவாக அழுத்தி, வட்டமாக நீவினாள். அப்பாடா! இறுகிக் கிடந்த இடுப்பு இளகியது. வலி பாதிக்கு மேல் போய்விட்டது!

அந்த நேரம் பார்த்துக் கங்காணி வந்து நின்றார். "என்னங்கடி நடக்குது இங்க?"

அவரிடம் உண்மையைச் சொல்ல முடியுமா? "இடுப்புல சுளுக்குங்கய்யா" என்றாள் ராக்கு. நாங்கள் எப்போதும் சொல்கிற பொய்தான்.

அவர் கத்தவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ரொம்ப நாளா பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு புள்ள. கொஞ்சம் நீவி விடு."

சாக்கில் குப்புறப் படுத்தே விட்டார்!

தினமும் எங்களை விரட்டுகிற மனிதரின் முதுகில், மலையே வேடிக்கை பார்க்க, ராக்கு கால் வைத்தாள். எனக்கு நீவியதுபோல மெதுவாக இல்லை.

"நல்லாருக்கு. நாளைக்கும் ஒருவாட்டி நீவி விடு" என்று எழுந்து போனார்.

இப்போது எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோருமே கால் முன்னால் வரத்தான் பிறந்தார்களாம்.

நீங்கள் எப்படிப் பிறந்தீர்கள்?